மங்கலாக்கிய முகமும் மகிழ மரமும்

சனிக்கிழமை வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஸ்கூடாய் பக்கம் உள்ள நம் கிளையில் ஒரு பழக்கம் உண்டு. கடைசியாக யார் மண்டபத்தில் நிற்கிறார்களோ, அவர்கள்தான் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்ட வேண்டும். அன்று கடைசியில் நானும் ஒரு தம்பியும் மட்டும். அவன் வேண்டுமென்றே மெதுவாக அடுக்குகிறான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். ஆனா சிரிக்கக்கூடாது."

"கேளு தம்பி."

"டேட்டிங் செயலியில காசு கட்டினாத்தான் பாக்க முடியும்னு பூட்டி வெச்சிருக்கிறத, காசு கட்டாம பிரவுசர் வழியா குறுக்கு வழியில பாத்தா, அது திருட்டாண்ணே?"

நான் சிரிக்கவில்லை. அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் வேலையிடமும் வேண்டாம் என்றான், விட்டுவிட்டேன்.

முதலில், "டேட்டிங் செயலிக்கு ஏன் போனாய்?" என்று கேட்கத் துடிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தம்பிக்கு 24 வயது. சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பாலத்தைக் கடந்து, இருட்டிய பிறகு திரும்பி வருகிறான். ஜொகூர் பாருவில் இப்படி வாழும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் அப்பா அம்மா காலத்தில் திருவிழா இருந்தது, பக்கத்து லயத்து அத்தை இருந்தார், "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு" என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். இன்று தாமானில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஓய்வு, அதிலும் பாதி தூக்கம். இவன் எங்கே போய் யாரைப் பார்ப்பான்? செயலி திறந்தால் "நான்கு கிலோமீட்டர் தூரத்தில்" என்று ஒரு பெண்ணைக் காட்டும். காகத்துக்குத்தான் அது நான்கு கிலோமீட்டர். நமக்கு இரண்டு குடிநுழைவுச் சோதனை, ஒரு பாலம், வெள்ளிக்கிழமை சாயங்காலமாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம்.

பூட்டி வைத்துக் காசு கேட்பதும் புதிதல்ல. பழைய கல்யாணத் தரகர் என்ன செய்தார்? படத்தைக் காட்டுவார், ஜாதகத்தைக் காட்டுவார், விலாசத்தை மட்டும் பைக்குள்ளேயே வைத்திருப்பார். 1990களின் இறுதியில் முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் இருந்தபடி தமிழர்களுக்கென்று ஓர் இணையதளம் நடத்தினார். அதில் வரன் தேடும் பகுதிக்குத்தான் கூட்டம் சேர்ந்தது. அது வளர்ந்துதான் பாரத்மேட்ரிமோனி ஆனது. அங்கும் முகத்தைப் பார்க்கலாம், தொலைபேசி எண் வேண்டுமானால் கட்டணம். டேட்டிங் செயலி இதை ஒரு படி மாற்றியது. அது பூட்டுவது விலாசத்தையோ எண்ணையோ அல்ல, முகத்தையே. டிண்டர் 2017இல் கொண்டுவந்த 'கோல்ட்' சந்தாவின் முக்கியமான சரக்கே அதுதான். உன்னை ஏற்கெனவே விரும்பியவர்கள் இத்தனை பேர் என்று எண்ணிக்கை காட்டும். அவர்கள் முகங்கள் மட்டும் பனி மூடியதுபோல் மங்கலாகத் தெரியும். பனி விலக வேண்டுமானால் மாதச் சந்தா.

தனியாக இருக்கிற ஒரு இளைஞனுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. "உன்னை யாருக்கும் பிடிக்கவில்லை" என்று சொன்னால்கூட ஒரு நாள் அழுதுவிட்டுத் தூங்கிவிடுவான். "உன்னை 11 பேருக்குப் பிடித்திருக்கிறது, யார் என்று சொல்ல மாட்டேன்" என்றால் எப்படித் தூங்குவான்?

இனி குறுக்கு வழிக்கு வருவோம். கைப்பேசிச் செயலியைவிட, அதே சேவையை பிரவுசரில் திறந்தால் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க முடியும். சில சேவைகளில் படம் தெளிவாகவே நம் கணினிக்கு வந்துவிடும், "இதை மங்கலாகக் காட்டு" என்ற ஒரு கட்டளையும் கூடவே வரும். கட்டளையை எடுத்துவிட்டால் முகம் தெரியும். அப்படித்தான் பலர் ஆரம்பித்தார்கள். நிறுவனம் விழித்துக்கொண்டு சர்வரிலேயே படத்தை மங்கலாக்கி அனுப்பினால், பிரவுசரில் எதைக் கிள்ளினாலும் முகம் வராது. ஆனால் ஆசை நிற்குமா? "இந்தக் கோடை ஒட்டு", "இந்த எக்ஸ்டென்ஷனைப் போடு", "இந்த மாற்றிய செயலியை இறக்கு" என்று ஆள் ஆளுக்கு வருவார்கள். எப்படிச் செய்வது என்பதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நம் கிளைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்.

"திருட்டா?" என்ற கேள்விக்கு அவனே மூன்று நியாயங்களும் தயாராக வைத்திருந்தான். ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன், அவை லேசானவை அல்ல.

முதலாவது: "அவங்க மட்டும் யோக்கியமாண்ணே?" இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவன் பக்கம் ஆதாரம் உண்டு. 2022இல் மொசில்லா அறக்கட்டளையும் அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பும் சேர்ந்து இந்தியா உட்பட ஆறு நாடுகளில் டிண்டரின் சந்தா விலையைப் பார்த்தன. ஒரே சேவைக்கு ஆளுக்கு ஒரு விலை. 30 முதல் 49 வயது வரை உள்ளவர்கள் இளையவர்களைவிடச் சராசரியாக 65 விழுக்காடு அதிகம் கட்டச் சொல்லப்பட்டார்கள். (நம் கிளையில் முப்பதைத் தாண்டிய அண்ணன்மார் இதைப் படித்துக் கோபப்படலாம், நியாயம்தான்.) அதற்கு முன்பே, 2018இல், வயதைப் பார்த்து விலை வைப்பது பாகுபாடு என்று கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் மேட்ச் குழுமத்தின் மீது வழக்குப் போட்டது. டிண்டரும் இந்தக் குழுமத்தினுடையதுதான், ஆனால் வழக்கு மேட்ச் டாட் காம் என்ற சேவையைப் பற்றியது. மோசடிக்காரர்களின் கணக்கு என்று நிறுவனமே சந்தேகித்து வைத்திருந்த கணக்குகளிலிருந்து வந்த விருப்பங்களைக் காட்டி, "ஒருவர் உங்களை விரும்புகிறார், சந்தா கட்டுங்கள்" என்று இலவசப் பயனர்களுக்குச் செய்தி அனுப்பியதாகக் குற்றச்சாட்டு. 2016 ஜூன் முதல் 2018 மே வரை, அப்படிப்பட்ட செய்தி வந்த 24 மணி நேரத்துக்குள் 4,99,691 சந்தாக்கள் வாங்கப்பட்டதாக ஆணையம் கணக்குச் சொன்னது. நிறுவனம் மறுத்தது. 2025இல் 1 கோடியே 40 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. வழக்கு இப்படி முடிந்ததால் குற்றச்சாட்டு முழுவதும் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மங்கலான முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெண்தான் இருக்கிறாள் என்று நினைக்கும் தம்பிகள் இந்த எண்ணிக்கையை ஒரு தடவை திரும்பப் படிக்க வேண்டும்.

ஆக, நிறுவனம் யோக்கியம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கடைக்காரர் எடையில் ஏமாற்றுகிறார் என்பதற்காக அவர் கடைச் சாமானை நாம் சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாமா? வேறு கடைக்குப் போகலாம், புகார் செய்யலாம், வாங்காமலே இருக்கலாம். செயலியைவிட இணையதளத்தில் கட்டணம் குறைவாக இருந்தால் அங்கே கட்டலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. திருவள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்திருக்கிறார். பள்ளியில் படிக்கும்போது எனக்கு இது விசித்திரமாக இருந்தது. துறவி எங்கே போய்த் திருடப் போகிறார்? இப்போது புரிகிறது. திருட்டு கையில் தொடங்குவதில்லை, "எனக்கு வேணும்" என்ற இடத்தில் தொடங்குகிறது. பதஞ்சலி முனிவர் அஸ்தேயத்தை இயமங்களில் ஒன்றாக, யோகத்தின் வாசற்படியிலேயே வைத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது நியாயம்: "படம் என் கணினிக்கு ஏற்கெனவே வந்துடுச்சு. நான் எங்கேயும் உள்ள நுழையல. என் வீட்டுக்குள்ள இருக்கிறத நான் பாக்கக்கூடாதா?"

இதற்கு நான் கோயிலைக் காட்டினேன். அலங்காரம் நடக்கும்போது சந்நிதியில் திரை போட்டிருப்பார்கள். சாதாரணத் துணி. மூன்று வயதுக் குழந்தை இழுத்தாலும் விலகிவிடும். பூட்டு கிடையாது, காவலாளி கிடையாது, உள்ளே இருப்பதும் பத்து நிமிடத்தில் நாம் பார்க்கப்போகிற அதே சாமிதான். இருந்தும் யாரும் திரையை விலக்குவதில்லை. துணி பலமாக இருக்கிறது என்பதற்காகவா? "இன்னும் இல்லை" என்று திரை சொல்கிறது, நாம் கேட்டுக்கொள்கிறோம். அவ்வளவுதான். திரை லேசாக இருப்பது அதை விலக்கக் கொடுத்த அனுமதி ஆகாது.

அவன் தலையாட்டினான். ஆனால் மூன்றாவது நியாயத்தை எடுத்தபோது நான்தான் தடுமாறினேன்.

"அண்ணே, அந்தப் பொண்ணு என்ன லைக் பண்ணியிருக்கு. நான் பாக்கணும்னுதான் பண்ணியிருக்கு. நான் பாத்தா அதுக்கு சந்தோஷம்தான். அதுக்கு என்ன நஷ்டம்?"

யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் உண்மை. அவள் தன் முகத்தை மறைக்கவில்லை, மறைத்தது நிறுவனம். நான் அவனிடம் சொன்னேன்: "இல்ல தம்பி, ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம தேர்ந்தெடுத்தாத்தான் அது பொருத்தம்னு செயலி சொல்லுது. நீ முன்னாலேயே பாத்துட்டு, தெரியாத மாதிரி போய் லைக் பண்ணினா, அவ 'என்ன பொருத்தம் பாரு'ன்னு சந்தோஷப்படுவா. ஆனா நீ விடைத்தாளைப் பாத்துட்டு எழுதினவன்." சொல்லி முடித்ததுமே ஓட்டை தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்துவிட்டது. "காசு கட்டினவனும் அதேதான பண்றான்?"

ஆமாம். அதேதான். 40 ரிங்கிட் கட்டி விடைத்தாளைப் பார்ப்பவனுக்கும் கட்டாமல் பார்ப்பவனுக்கும் அந்தப் பெண் பக்கம் இருந்து பார்த்தால் வித்தியாசம் இல்லை. காசு நிறுவனத்தைத் திருப்திப்படுத்துமே தவிர, செயலைச் சுத்தப்படுத்தாது. இந்த இடத்தில் நான் ஒப்புக்கொண்டேன். திரையை விலக்கியது தப்புதான், ஆனால் சின்னத் தப்பு, அதுவும் பெரும்பாலும் நிறுவனத்துக்குச் செய்தது. "இதுக்காடா நாற்காலியை இவ்வளவு நேரம் அடுக்கினே?" என்று கேட்டேன்.

அப்போதுதான் மீதியைச் சொன்னான்.

பிரவுசரில் கிள்ளிப் பார்த்தது வேலை செய்யாமல் போனதும், அவன் ஒரு எக்ஸ்டென்ஷனைப் போட்டிருக்கிறான். "யார் லைக் பண்ணினார்கள் என்று பார்க்கலாம், இலவசம்." போடும்போது ஓர் அனுமதி கேட்டது: எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும். அதைப் படிக்காமலேயே சம்மதித்துவிட்டான். சில முகங்கள் தெரிந்தன, சந்தோஷப்பட்டான். ஒரு வாரம் கழித்து அவன் கணக்கு அவனையே வெளியே தள்ளிவிட்டது. மறுபடி நுழைய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் அவன் பெயரில், அவன் முகத்தோடு, அவனோடு பேசிக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் வேறு யாரோ செய்தி அனுப்பியிருக்கிறார்கள். "உட்லண்ட்ஸ்ல நிறுத்தி வெச்சிருக்காங்க, பாஸ்போர்ட் பிரச்சினை, போன் பேங்கிங் வேலை செய்யல, அவசரமா கொஞ்சம் அனுப்ப முடியுமா?"

தினமும் பாலத்தைக் கடக்கிறான் என்பது அந்தத் திருடனுக்கு எப்படித் தெரியும்? உரையாடல்களைப் படித்திருக்கிறான். ஒரு பெண், நம் மாநிலத்துப் பெண்தான், இவனோடு மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருந்தவள், நம்பி 800 ரிங்கிட் அனுப்பிவிட்டாள். அவள் அம்மாவின் உடல்நிலையைப் பற்றி இவனிடம் சொல்லியிருந்தாள். பணம் கேட்ட செய்தியில் "அம்மா எப்படி இருக்காங்க?" என்ற கேள்வியும் இருந்ததாம். அதனால்தான் நம்பினாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி தங்கைகளே, இந்தக் குறுக்கு வழிகள் எல்லாவற்றிலும் நாம் பார்க்கத் தவறும் விஷயம் இதுதான். ஓட்டைக்குக் கண் கிடையாது. உன்னை உள்ளே விடும் ஓட்டை யாரையும் விடும். 2020இல் சஞ்சனா சர்தா என்ற பாதுகாப்பு ஆய்வாளர் பம்பிள் செயலியில் கண்டுபிடித்ததை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு நாளுக்கு இத்தனை லைக்தான் என்று கட்டுப்பாடு இருந்தது. இணையதளத்தில் அந்தச் சோதனை சரியாக இல்லை. காசு கட்டித்தான் பெற வேண்டிய வசதிகளைக் கட்டாமலே பெற வழி இருந்தது. நம் பையன்களுக்கு இது பண்டிகைச் செய்தி. ஆனால் அவர் காட்டியது அதோடு நிற்கவில்லை. அதே சர்வரின் அதே அசட்டையால், ஏறத்தாழ 10 கோடிப் பயனர்களின் விவரங்களை எடுக்க முடிந்தது. எப்படிப்பட்ட துணை தேடுகிறார்கள், உயரம், அரசியல் சாய்வு, எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பது வரை. அவர் நிறுவனத்துக்குத் தெரிவித்தார், பல மாதம் கழித்துத்தான் சரிசெய்தார்கள். இலவச லைக்கும் பத்துக் கோடிப் பேரின் அந்தரங்கமும் ஒரே கதவு வழியாக வெளியே வந்தன.

தூரம் என்று சொன்னேன். அதை அலட்சியமாக நினைக்காதீர்கள். டிண்டர் அனுப்பிய தூரத்தை வைத்தே ஒருவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று இன்குளூட் செக்யூரிட்டி என்ற நிறுவனம் 2014 பிப்ரவரியில் வெளியிட்டது. 2021இல் ராபர்ட் ஹீட்டன் என்ற பொறியாளர் பம்பிளிலும் அதே போன்ற ஓட்டையைக் காட்டினார், நிறுவனம் அவருக்கு 2,000 டாலர் சன்மானம் கொடுத்தது. வழி எளிமையானது. நான் மாசாயில் நிற்பதாகப் பொய் சொல்கிறேன், அந்தப் பெண் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறேன். பிறகு கூலாயில் நிற்பதாக, பிறகு கேலாங் பாத்தாவில் நிற்பதாக. வரைபடத்தில் மூன்று வட்டம் போட்டால் மூன்றும் ஒரு புள்ளியில் வெட்டும். அந்தப் புள்ளி அவள் வீடு. 'இடத்தை மாற்றிக் காட்டும்' குறுக்கு வழியை விளையாட்டாகப் பயன்படுத்தும் தம்பிகள் இந்தப் புள்ளியில் தன் தங்கை இருப்பதாக ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

அந்த இரண்டு ஆய்வாளர்களும் நம் தம்பியைப் போலவே உள்ளே எட்டிப் பார்த்தவர்கள்தான். ஆனால் பார்த்ததை யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொன்னார்கள். அந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன்.

நம் தம்பி செய்த தப்புக்கு 'திருட்டு' என்ற பெயர் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றியது. நிறுவனத்திடமிருந்து அவன் எடுத்தது நாற்பது ரிங்கிட் மதிப்பு. அது போகட்டும். ஆனால் அவன் கணக்கில் இருந்தது அவனுடைய பொருள் மட்டும் அல்ல. ஒரு பெண் அம்மாவின் நோயைப் பற்றிச் சொன்ன வார்த்தை அங்கே இருந்தது. இன்னொருத்தியின் படம், மற்றொருத்தியின் தொலைபேசி எண். அவர்கள் இவனை நம்பிக் கொடுத்தவை. நம் பாட்டிமார் அடைக்கலப் பொருள் என்பார்கள். ஊருக்குப் போகிறவர் நகையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால், அந்த வீட்டுக்காரர் அன்று இரவு கதவைத் திறந்துபோட்டுத் தூங்கலாமா? தன் வீட்டுக் கதவுதானே, தன் இஷ்டம்தானே என்று சொல்ல முடியுமா? நாற்பது ரிங்கிட்டை மிச்சம் பிடிக்க, முகம் தெரியாத ஒருவன் கையில் அவன் சாவியைக் கொடுத்தான். அந்தச் சாவி நாலைந்து பெண்களின் பெட்டியையும் திறந்தது. அவன் பார்வை முழுக்க மங்கலான பெண்கள் மேல் இருந்தது. ஏற்கெனவே முகம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தவளைக் காவல் காக்க மறந்துவிட்டான்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், சிலருக்கு அதுதான் உறைக்கும். நம் நாட்டின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் கணினியில் உள்ள தரவை அணுகுவதைப் பற்றிப் பேசுகிறது. அதிகபட்சம் 50,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்து ஆண்டு சிறை, அல்லது இரண்டும். அந்தப் பிரிவு 'எவ்வளவு காசு நஷ்டம்?' என்று கேட்பதில்லை, 'அனுமதி இருந்ததா?' என்று கேட்கிறது. படத்தை மங்கல் நீக்கிப் பார்த்த பையனைத் தேடி நாளைக்கே போலீஸ் வரும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் "எல்லாரும் செய்றாங்க லா" என்பது எந்த மாஜிஸ்திரேட்டிடமும் செல்லாது.

இன்னொன்று. யாராவது ஒரு கோடை அனுப்பி "டெவலப்பர் டூல்ஸ்ல ஒட்டு" என்றால், ஒட்டாதீர்கள். குரோம் பிரவுசரில் ஒட்டப் போனால், அனுமதிக்கிறேன் என்று கையால் தட்டச்சு செய்யச் சொல்லி எச்சரிக்கும். பேஸ்புக் அந்த இடத்தில் பெரிய எழுத்தில் "நில்" என்று ஆங்கிலத்தில் போட்டு வைத்திருக்கிறது. ஏன்? இப்படி ஒட்டிக் கணக்கை இழந்தவர்கள் அவ்வளவு பேர். நீங்கள் உள்ளே நுழைந்திருக்கும்போது ஓடும் கோடு உங்கள் பெயரில் எதையும் செய்யும், கடவுச்சொல்கூடத் தேவையில்லை. ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள், வேறு சாதனத்திலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிரவுசர் அதே என்றால் வங்கிக் கணக்கும் அதில்தான் திறந்திருக்கும், அதையும் பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே வங்கிக்கோ 997க்கோ அழைத்துவிட்டுப் போலீஸில் புகார் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிப்பதுதான் அந்த எண்ணின் வேலை. நம் தம்பியும் அந்தப் பெண்ணும் மூன்றாவது நாள்தான் அழைத்தார்கள்.

அவன் உண்மையில் கேட்க வந்த கேள்வி இதுவரை வரவில்லை. விளக்கை அணைத்த பிறகு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, அந்தப் பொண்ணுகிட்ட 'என் கணக்கை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க'ன்னு சொல்லிட்டேன். அது பொய் இல்லதானே? நான் என்ன போட்டேன், எதுக்குப் போட்டேன்னு சொல்லணுமா?"

எனக்குச் சுந்தரர் நினைவு வந்தது. பெரிய புராணத்தில் நாம் வகுப்பில் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடும் இடம் இது. சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையார் இருக்கிறார். திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கண்டு மணக்க விரும்புகிறார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்து தர வேண்டும் என்பது நிபந்தனை. சுந்தரருக்குத் திருவாரூரை விடவும் மனம் இல்லை. என்ன செய்தார்? தோழரான சிவபெருமானிடமே போய், நான் சத்தியம் செய்ய வரும் நேரத்தில் நீங்கள் சந்நிதியில் இருக்க வேண்டாம், வெளியே மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சத்தியமும் செய்ததாக இருக்க வேண்டும், கட்டும் விழக்கூடாது. இதைவிடப் பழைய குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

இறைவன் சரி என்றார். ஆனால் சங்கிலியாரின் கனவில் போய், மரத்தடியில் சத்தியம் வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிட்டார். மறுநாள் "சந்நிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியிலேயே செய்தால் போதும்" என்று அந்தப் பெண்கள் சொன்னபோது சுந்தரருக்கு எப்படி இருந்திருக்கும்! மரத்தை வலம்வந்து சத்தியம் செய்தார். பின்னால் திருவாரூர் வசந்த விழா நினைவு வந்து, ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் ஒன்று, திருவாரூரில் ஒன்றாகத் திரும்பக் கிடைத்தன.

கண் போனதைத்தான் எல்லாரும் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தின இரவுதான் முக்கியம். இறைவன் சுந்தரரைத் தடுக்கவில்லை, திட்டவில்லை. அவர் செய்தது ஒன்றுதான்: யாருக்குத் தெரிய வேண்டுமோ அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார். தோழருக்காக அவளை இருட்டில் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. அந்த ஆய்வாளர்கள் செய்ததும் அளவில் சின்னதாக அதுதான்.

"ஹேக் பண்ணிட்டாங்கன்னு நீ சொன்னது பொய் இல்ல தம்பி," என்றேன். "ஆனா சாமி இல்லாத சந்நிதியில பண்ண சத்தியம். வார்த்தை சரியா இருக்கு, உள்ள ஆள் இல்ல. அவ இப்போ யாரோ முகம் தெரியாதவன் மேல கோபப்பட்டுக்கிட்டு இருக்கா. உன் மேல எவ்வளவு கோபப்படணும்னு முடிவு பண்ண அவளுக்கு விஷயம் தெரியல. அந்த முடிவு உன்னோடது இல்ல."

"சொன்னா பிளாக் பண்ணிடும்ணே."

"பண்ணலாம்."

"மத்த பொண்ணுங்க முகத்தைப் பாக்கத்தான் போட்டேன்னு எப்படிண்ணே சொல்றது? இதுகூட பேசிக்கிட்டு இருக்கும்போதே..."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவனுக்கே கேள்வி எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிட்டது, நான் மேலே எதுவும் சொல்லவில்லை. கதவைப் பூட்டி, மாமாக் கடையில் தே தாரிக் குடித்தோம். வேறு விஷயம்தான் பேசினோம்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அவனிடமிருந்து செய்தி. பாலத்தின் மேல் பஸ்ஸில் இருந்து அனுப்பியிருந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். 800 ரிங்கிட்டை இரண்டு மாதச் சம்பளத்தில் பாதிப் பாதியாகக் கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறான். அவள் ரொம்ப நேரம் பதில் போடவில்லை. பிறகு ஒரு கேள்வி மட்டும் கேட்டிருக்கிறாள்: அந்த வசதிக்குச் செயலியில் எவ்வளவு கட்டணம்?

நாற்பது ரிங்கிட் என்று இவன் எழுதினான். "என்கிட்ட கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே" என்று பதில் வந்ததாம். அதற்குப் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. முதல் 400 ரிங்கிட் இந்த மாதச் சம்பளத்தில் போய்விட்டது.